உறுதி கேட்கும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னிப் பெருநிலப்பரப்பின் பிரதேச செயலகங்களிலும், அவற்றின் காணிக் கிளைகளிலும், நில அளவைக் கந்தோர்களிலும், கிராம அலுவலர் பணிமனைகளிலும் கடமை புரிகின்ற அன்பார்ந்த அலுவலர்களே,

இம்மடலைக் கொழும்பிலே வீற்றிருக்கும் அமைச்சர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. சட்டத்தை ஆக்குபவர்களுக்கும் சுற்றறிக்கையிலே கையெழுத்திடுபவர்களுக்கும், அந்தச் சட்டம் யார் தலையிலே போய் விழுகின்றதோ அந்த மனிதரின் முகத்தைக் காண வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. உங்களுக்கு உண்டு. விடிகாலையில் முதல் பஸ் பிடித்து, கையிலே ஒரு பொலித்தீன் பையும் அதற்குள்ளே சில மங்கிய கடதாசிகளுமாக, உங்கள் கந்தோர் வாங்கிலே பத்து மணிவரை காத்திருந்து, பெயர் கூப்பிடப்பட்டதும் மேசைக்கு முன்னால் வந்து நிற்கின்ற கிழவியையும் விதவையையும் கமக்காரனையும் நேருக்கு நேர் காண்பவர்கள் நீங்களே. அன்றியும் உங்களிற் பலர் எங்கள் ஊர்களிலே பிறந்து, எங்களோடு இடம்பெயர்ந்து, விசுவமடுவிலும் உடையார்கட்டிலும் இரணைப்பாலையிலும் எங்களோடு பங்கருக்குள் இருந்து, மெனிக் பாம் முகாமின் கூடாரங்களிலே படித்துப் பரீட்சை எழுதி இந்தக் கதிரைக்கு வந்தவர்கள். உங்களிடம் சொல்லத்தக்க இந்த வார்த்தையை நான் வேறு எவரிடம் போய்ச் சொல்வேன்?

முறையிட வந்த பொருள் இலஞ்சமோ தாமதமோ அன்று. அவற்றுக்கு வேறு வாசல்கள் உண்டு. நேர்மையான அலுவலர் ஒருவர், நல்ல மனத்தோடு, விதிப்படி கேட்கின்ற ஒரு கேள்வியைப் பற்றியே பேச வந்தேன். "உறுதி இருக்கா? ஒப்பம் இருக்கா?" என்ற கேள்வி இந்தப் பிரதேசத்திலே எண்ணிறந்த தடவை கேட்கப்பட்டு, அவ்வாறு கேட்கப்பட்டமையாலேயே சர்வ சாதாரணமான கேள்வியாகத் தோன்றத் தொடங்கிவிட்டது. அதனை மறுபடியும் ஒரு முறை, முதன்முதலாகக் கேட்பதுபோல, உங்கள் செவிகளாலேயே கேட்டுப் பார்க்க வேண்டும் என்று உங்களை இரந்து கேட்கின்றேன்.

ஒரு நடமாடும் சேவையிலே கண்டதைச் சொல்லுகின்றேன். எந்த ஊர், எந்தக் கந்தோர் என்பது வேண்டியதில்லை. பாடசாலை மண்டபத்திலே மேசைகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. எழுபது வயதைக் கடந்த ஆச்சி ஒருவர்; அவருடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் என்ற முறையில் நானும் அருகே நின்றேன். காணிக்கு என்ன ஆதாரம் என்று மேசையிலிருந்த தம்பி மரியாதையாகவே கேட்டார். "உறுதி சூட்கேசுக்க கிடந்தது மோனை. மாத்தளனில செல் விழுந்து கொட்டில் பத்தேக்க அதுவும் போட்டுது" என்றார் ஆச்சி. "அப்ப ஒண்டும் இல்லையோ ஆச்சி?" "ஏன் இல்லை? கிணறு கிடக்கு. அவர் கட்டின கிணறு, கட்டில ஆண்டு எழுதிக் கிடக்கு. கிழக்கு வேலியில நிக்கிற பாலை மரம் என்ர மாமியார் காலத்திலயும் நிண்டது. பக்கத்துக் காணிக்காரன் இந்தா நிக்கிறான், கேளுங்கோ." அந்தத் தம்பி பக்கத்துக் காணிக்காரரை ஏறெடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுப் படிவத்திலே, ஆதாரம் என்ற நிரலுக்கு நேரே, 'இல்லை' என்று எழுதினார்.

அவர் கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. படிவத்திலே கிணற்றுக்கு ஓர் இடம் இருந்திருக்குமானால் கிணற்றையும் எழுதியிருப்பார். ஆயினும் அன்று அந்த மண்டபத்திலே நிகழ்ந்தது அநியாயம் என்றே என் உள்ளம் சொல்லிற்று. ஏன் அப்படிச் சொல்லிற்று என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளவே பல காலம் யோசித்தேன். கடினமான நிபந்தனை எல்லாம் அநியாயம் ஆகிவிடாது. வைத்திருக்கின்ற உறுதியை எடுத்துக்கொண்டு மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு மூன்று முறை அலையச் சொல்வது கடினம். அதனை ஒருவர் நொந்துகொள்ளலாமேயன்றி அநியாயம் என்று சொல்லமாட்டார். ஆனால், நிறைவேற்றுவதற்கு எதிரே நிற்பவருக்குச் சக்தியில்லை என்பதை அறிந்துகொண்டே, அந்தச் சக்தி அவருடைய குற்றத்தினாலன்றி ஊரையே எரித்த யுத்தத்தினாற் பறிபோனது என்பதையும் அறிந்துகொண்டே, ஒரு நிபந்தனையை விதித்து, அதனை அவர் நிறைவேற்றாமையையே அவருக்கு உரிமையில்லை என்பதற்கு அத்தாட்சியாகக் கொள்வோமானால், அங்கேதான் நியாயம் நம்மை விட்டு நீங்கிப் போகின்றது.

இந்த மனப்பான்மை தனியொரு மேசையோடு நின்றிருக்குமானால் இவ்வளவு எழுத நேர்ந்திராது. 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான 2430 ஆம் இலக்க வர்த்தமானி அறிவித்தலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ் வடமாகாணத்திலே ஏறத்தாழ 5,940 ஏக்கர் நிலத்தைக் குறித்து, மூன்று மாத காலத்துக்குள் உரிமை கோராவிடில் அவை அரச காணியாகும் என்று அது அறிவித்தது; அந்நிலத்திலே முல்லைத்தீவு மாவட்டத்துக்குரியது 1,703 ஏக்கர், கிளிநொச்சிக்குரியது 515 ஏக்கர். மூன்று மாதம்! உரிமையாளரில் ஒருவர் கனடாவிலே, ஒருவர் தமிழ்நாட்டு அகதி முகாமிலே, ஒருவர் எங்கேயென்று தாய்க்கும் தெரியாத நிலையிலே; உறுதி எழுதிய நொத்தாரிசு இறந்து, அவருடைய பிரதிகளும் அழிந்து, பிரதேச செயலகத்தின் பேரேடுகளே ஷெல்லுக்கும் மழைக்கும் இரையாகிப்போன ஒரு தேசத்திலே, முப்பது வருஷத்து யுத்தம் கலைத்துப் போட்டதைத் தொண்ணூறு நாளிலே அடுக்கிக் காட்டுங்கள் என்று சொல்லப்பட்டது. யூன் மாத இறுதியிலே உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்திற்று, அரசாங்கமும் மீளப்பெற்றுக்கொண்டது. அதற்காக வழக்காடியவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கின்றோம். எனினும், காணி உரித்தைத் தெளிவாக்கிக் கொடுப்பதே தங்கள் நோக்கம் என்று ஆட்சியாளர்கள் அப்போது சொன்னதை நான் நினைத்துப் பார்க்கின்றேன். நோக்கம் அவ்வாறே இருந்திருக்கலாம். நோக்கம் நல்லதாயிருந்தும் வழி நியாயத்துக்கு முரணாயிருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட நிதர்சனம் வேறு வேண்டுமா?

இதன் வேர் பழையது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாலே பிரித்தானிய ஆட்சியாளர், காடாயும் தரிசாயும் குடியிருப்பற்றும் பயிர் செய்யப்படாதும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியதென்றே அநுமானிக்கப்படும் என்று விதித்தார்கள். சேனை வெட்டி ஒரு போகம் விளைத்துப் பின்னர் பல வருஷம் நிலத்தை ஆறவிடுகின்ற வன்னிக் குடியானவனுக்கு அந்த விதி என்னவாகப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நிலத்தின்மேல் அவனுக்கிருந்த அறிவே, அதாவது நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் விவேகமே, அவனுக்கு எதிரான சாட்சியமாயிற்று. நிரூபிக்கும் பாரம் முடியின்மேல் வைக்கப்படவில்லை. எழுத்தறியாத குடியானவனின் தலையிலே ஏற்றப்பட்டது. வெள்ளைக்காரன் போய்விட்டான். அவன் ஏற்றிவைத்த பாரம் இன்னும் இறங்கவில்லை. இன்றைக்கு அது பொலித்தீன் பையோடு உங்கள் கந்தோர் வாங்கிலே உட்கார்ந்திருக்கின்றது.

யுத்த காலம் மற்றைய காலம்போலக் கணக்கிடத்தக்கது அன்று என்பதை இந்த நாட்டின் பாராளுமன்றமே ஒரு முறை ஒப்புக்கொண்டிருக்கின்றது என்பதையும் இங்கே நினைவூட்டுகின்றேன். பத்து வருஷம் தடையின்றி ஆண்டவனுக்கு நிலம் உரித்தாகும் என்பது பழைய ஆட்சியுரிமைச் சட்டம். இடம்பெயர்ந்தோர் காணியிலே பிறர் புகுந்து, அந்தப் பத்து வருஷத்தைக் காட்டி உரிமை கொண்டாடினால் என் செய்வது? 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையிலான காலத்தை, யுத்தத்தினாலே நீதிமன்றத்தை நாடமுடியாதிருந்தவர்களுக்கு எதிராகக் கணக்கிடலாகாது என்று விதித்தது. வழக்குத் தொடுக்க அது கொடுத்த தவணை ஈராண்டே. ஆதலால் அதனாற் பயன் பெற்றவர் சிலரே. ஆயினும் அதன் உட்கிடையான நீதி, ஓட வேண்டியிருந்த வருஷங்களிலே ஒருவர் செய்யமுடியாது போனதை அவருடைய குறையாக எழுதாதே என்பது, காலாவதியாகத் தக்கதன்று.

நீங்கள் சைவப் பிள்ளைகளாயின் பெரிய புராணத்திலே தடுத்தாட்கொண்ட வரலாற்றைக் கோயிற் படிப்பிலே கேட்டிருப்பீர்கள். வேறு சமயத்தவராயினும் தமிழ்ப் பாடத்திலே படித்திருப்பீர்கள். சேக்கிழார் அங்கே பாடியிருப்பது பக்திக் கதை மாத்திரமன்று, ஒரு வழக்கு விசாரணையுமாகும். மணப்பந்தலிலே நின்ற நம்பியாரூரரை நோக்கி, நீ எனக்கு அடிமை என்று ஒரு கிழவர் ஓலையைக் காட்டுகின்றார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்துப் போடுகின்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வருகின்றது. ஓர் அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது உலகத்திலே கேட்டறியாத காரியம். ஆகையால், விசாரிக்காமலே கிழவரைத் துரத்திவிடுவதற்குச் சபையாருக்குக் காரணம் இருந்தது. அவர்கள் துரத்தவில்லை. அநுபவ ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றினுள் யாதேனும் ஒன்றினாலே உன் வழக்கை நிலைநாட்டு என்று அவரைக் கேட்டார்கள்.

மூன்றிலே ஒன்று என்பதைக் கவனியுங்கள். ஆவணம் அவற்றிலே ஒன்று. அதற்கு முன்னே ஆட்சியும் அதற்குப் பின்னே அயலாருடைய சாட்சியமும் நிற்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புலவர் ஒருவர், ஊர்ச்சபையின் வழமை இதுவென்று இயல்பாகவே எழுதிப் போகின்றார். இன்னொன்றும் அங்கே உண்டு. காட்டிய ஓலை கிழிக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்ததும் சபை, ஓலை இல்லை, எனவே வழக்கும் இல்லை என்று எழுந்து போகவில்லை. மூல ஓலையை வருவித்தது. அதனைக் காக்கும் பொறுப்பைத் தானே ஏற்றது. பாட்டனார் எழுதிய வேறொரு கையெழுத்தைத் தேடியெடுத்து ஒப்புநோக்கிற்று. தேடுகின்ற உழைப்பிலே ஒரு பங்கு சபையினுடையதாயிருந்தது. கிழிந்த ஓலையின் நஷ்டம் அதனை இழந்தவரின் தலையிலே மாத்திரம் விழலாகாது என்பதை அந்தச் சபையார் அறிந்திருந்தார்கள். மாத்தளன் கொட்டிலிலே எரிந்த உறுதியை ஆச்சியா எரித்தார்?

புராணத்தை விதியாகக் கொள்ளமுடியாதே என்பீர்களாயின், உங்கள் விதிகளையே எடுத்துக்கொள்வோம். 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 65 ஆம் பிரிவிலே, மூல ஆவணம் அழிந்தோ தொலைந்தோ போனவிடத்து அதற்கு ஈடான இரண்டாந்தரச் சாட்சியத்தை ஏற்கலாம் என்று கூறுகின்றது. உயிர்க்கொலை வழக்கை விசாரிக்கின்ற நீதிமன்றம் ஏற்கத்தக்க ஒன்றை, கால் ஏக்கர் குடியிருப்புக் காணியை விசாரிக்கின்ற மேசை ஏற்கக்கூடாது என்பதற்கு யுக்தி ஏதும் எனக்குத் தோன்றவில்லை. 2013 ஆம் ஆண்டிலே காணி ஆணையாளர் நாயகம் வெளியிட்ட 2013/01 இலக்கச் சுற்றறிக்கையும் வடக்குக் கிழக்கிலே யுத்தத்தினால் எழுந்த அரச காணிப் பிணக்குகளை விசாரித்துத் தீர்ப்பதற்கே பிறந்தது. ஆவணம் தொலைத்தவர்களும் அதற்குள் அடங்குவர். ஆகவே விதி உங்கள் கையைக் கட்டியிருக்கின்றது என்று சொல்வது முழு உண்மை ஆகாது. விதி ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கின்றது. அந்த வாசலால் யாரும் போய்ப் பழக்கமில்லாமையாலே அதனைச் சுவர் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றோம்.

அதிகாரம் செலுத்துவோரின் தீர்மானம் எப்போது நியாயத்துக்குப் புறம்பானதாகின்றது என்ற வினாவுக்கு ஆங்கில நாட்டு நீதிமன்றம் ஒன்று 1947 ஆம் ஆண்டிலே அளித்த விடை, நமது நிர்வாகச் சட்டத்திலும் இன்றுவரை எடுத்தாளப்படுகின்றது. வெட்னஸ்பரி என்ற நகரத்துப் படமாளிகை வழக்கு அது. தீர்ப்பளித்த கிரீன் பிரபு, விவேகமுள்ள எந்த அதிகாரியும் வந்தடைய முடியாத அளவுக்கு விபரீதமான தீர்மானமாயிருந்தாலன்றி நீதிமன்றம் தலையிடாது என்றார். அந்த எல்லை மிக உயரத்திலே இருப்பதாக வழக்கறிஞர்கள் சொல்வார்கள்; உங்களுடைய அன்றாடத் தீர்மானங்களிலே எத்தனை அந்த உயரத்துக்குப் போகும் என்று அளவிட நான் வரவில்லை. நீதிமன்றம் தலையிடமாட்டாது என்பதனாலேயே ஒரு காரியம் நியாயமாகிவிடாது என்று மாத்திரம் சொல்லுகின்றேன். எங்கள் கமக்காரனுக்கு உயர் நீதிமன்றம் வெகு தூரம். அவனுக்குள்ள ஒரே நியாயசபை உங்கள் மேசைதான்.

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் அறியாதவன் அல்லன். கள்ள உறுதி முடிக்கின்ற கூட்டம் இருக்கின்றது. வெளிநாட்டிலிருப்பவரின் காணியை இறந்துபோனவரின் பெயரிலே விற்றவர்களும் இருக்கின்றார்கள். உருக்கத்தினாலே இரங்கி ஒரு பெயரைப் பதிந்துவிட்டால், நாளைக்கு உண்மையான உரிமையாளன் வந்து நிற்கும்போது கணக்காய்வுக்கும் விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இடமாற்றம் உங்களுக்கு, பிள்ளைகளின் படிப்புக் குழம்புவதும் உங்களுக்கு. இந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் அந்தப் பயமே உங்களை எந்தத் திசைக்குத் தள்ள வேண்டும் என்று ஆராய்ந்து பாருங்கள். கள்ளனால் எளிதிலே உண்டாக்கத்தக்கது எது? கடதாசி. முத்திரையும் பழைய தாளும் கையெழுத்தும் காசுக்குக் கிடைக்கும். நாற்பது வருஷத்துக் கட்டுக்கிணற்றையும், அடி பருத்த பாலை மரத்தையும், வரம்புக்கு வரம்பு பேர் சொல்லுகின்ற அயற்காணிக்காரரையும், வாய்க்காலிலே எந்த நாளில் யாருக்குத் தண்ணீர் முறை என்று நெஞ்சிலே எழுதி வைத்திருக்கின்ற வட்டவிதானையையும் எந்தக் கள்ளன் ஓர் இரவிலே உண்டாக்குவான்? உறுதி ஒன்றையே கேட்கின்ற பரிசோதனை, உறுதியை உண்டாக்கத் தெரிந்தவனை உள்ளே விட்டு, உறுதியை இழந்தவளை வெளியே நிறுத்துகின்றது. தான் தடுக்க வேண்டியவனை அநுமதித்து, காக்க வேண்டியவளைத் தள்ளிவிடுகின்ற ஒரு நிபந்தனையை நியாயமானதென்று சொல்வதற்கு உங்களுக்கு மனம் வருமா?

காட்டு நிலத்தின் சங்கதி இதனோடு சேர்ந்ததே. இடம்பெயர்ந்த வருஷங்களிலே வயல் பற்றையாகி, பற்றை காடாகி, திரும்பி வந்தபோது வரம்பு தெரியாமற் போன காணிகள் முத்தையன்கட்டுப் பக்கத்திலும் ஒட்டுசுட்டானிலும் வவுனியா வடக்கிலும் எவ்வளவு என்பதை என்னிலும் நீங்கள் அறிவீர்கள். அந்த மரங்களைக் காட்டி, இது வனம், இங்கே எல்லைக்கல் நாட்டப்பட்டுவிட்டது, நீ அத்துமீறிப் புகுந்தவன் என்று அந்தக் காணிக்காரனிடமே சொல்லப்படுகின்றது. காட்டைக் காப்பது தருமம். வன்னியான் காட்டின் பிள்ளை, அவனுக்கு இதனைக் கற்பிக்க வேண்டியதில்லை. அவன் கேட்பதெல்லாம் அவனுடைய அஞ்ஞாதவாச காலத்திலே முளைத்த மரத்துக்கு இருக்கின்ற உரிமை, அதற்கு முன்னே அந்த மண்ணிலே கிடக்கின்ற அவனுடைய பாட்டனின் வரம்புக்கும் இருக்கட்டும் என்பதே. மண்ணைச் சிறிது கிளறினால் வரம்பு தெரியும். எல்லைக்கல் நாட்டியவர்கள் கிளறிப் பார்த்தார்களா?

இனி, எந்தக் காலத்திலும் ஆவணமே கொடுக்கப்படாதவர்கள் இருக்கின்றார்கள். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் மலையகத் தோட்டங்களிலிருந்து உடுத்த துணியோடு ஓடிவந்து, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள், கூலிக்கு உழைத்தே இந்தப் பிரதேசத்தைச் சோலையாக்கின. அவர்களுக்கு ஒப்பம் கொடுப்பதற்கு அப்போது யாருக்கும் நேரமிருக்கவில்லை. அதற்குப் பின்னர் யுத்தம் வந்தது. மூன்று தலைமுறை ஒரே கொட்டிலடியிலே பிறந்து வளர்ந்தபின், உன்னிடம் ஒப்பம் இல்லையே என்று பேரனைக் கேட்கின்றோம். தெற்கே கொக்கிளாயிலும் கொக்குத்தொடுவாயிலும் கருநாட்டுக்கேணியிலும் கதை நேர்மாறானது. 1984 ஆம் ஆண்டின் இறுதியிலே அந்த மக்கள் துரத்தப்பட்டார்கள். ஒப்பம் வைத்திருந்தவர்கள் பலர். கால் நூற்றாண்டு கழிந்து திரும்பி வந்து அதனைக் காட்டியபோது, அந்த வயலிலே வேறொருவர் விதைத்திருக்கக் கண்டார்கள். படைமுகாம் வேலிக்குள் அகப்பட்ட கேப்பாப்பிலவு மக்களின் காணி எதுவென்பதில் ஒருவருக்கும் ஐயமிருக்கவில்லை. மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலே மூடப்பட்டபோது அவர்கள் சொந்த ஊருக்குப் போகாமல் சீனியாமோட்டைக்கே கொண்டுபோகப்பட்டார்கள். பிலக்குடியிருப்புக் குடும்பங்கள் 2017 சனவரி 31 தொடக்கம் விமானப்படை முகாம் வாசலிலே பனியிலும் வெயிலிலும் பிள்ளைகளோடு படுத்துக்கிடந்து, மார்ச் 1 ஆம் திகதியே தங்கள் மண்ணை மிதித்தார்கள். இவற்றையெல்லாம் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கின்ற சாதாரண மனிதன் என்ன முடிவுக்கு வருவான்? கடதாசி உள்ளவனுக்குக் கடதாசியாற் கதவு திறக்கவில்லை. இல்லாதவனுக்கு அது இல்லாமையாலே கதவு மூடப்படுகின்றது. ஒரே பிரமாணம் ஒருவனுக்கு வேண்டாததாகவும் மற்றவனுக்கு இன்றியமையாததாகவும் இருக்குமானால் அதனைப் பிரமாணம் என்பதெப்படி?

இராணுவ வேலியும் வர்த்தமானியும் உங்கள் கையிலே இல்லை என்பதை அறிவேன். உங்கள் கையிலே இருப்பதைப் பற்றியே என் விண்ணப்பம்.

'ஆதாரம்' என்ற நிரலிலே 'இல்லை' என்ற சொல்லை இனி எழுதாதீர்கள். இழந்தவர் எவ்வாறு இழந்தார் என்பதை அவர் சொல்லுகின்றபடியே எழுதுங்கள். கிணறு உண்டென்றால் கிணறு என்றும், மரம் உண்டென்றால் மரம் என்றும், இன்ன திசையிலே இன்னாருடைய காணி என்றும் எழுதுங்கள். கூட வந்திருக்கின்ற அயற்காணிக்காரருக்கும் ஒரு கதிரை போட்டு, அவர் சொல்வதைப் பதிந்து, அவருடைய கையொப்பத்தை வாங்கிக் கோவையிலே சேர்த்துவிடுங்கள். இடம் போதாவிட்டால் இன்னொரு தாளை இணைப்பதற்கு எந்தச் சட்டமும் தடையாயிருக்கமாட்டாது. பின்னர் ஒரு நாள், தீர்மானம் எடுப்பதற்கு முன்னர், அந்தக் காணிக்குப் போங்கள். கிளிநொச்சியிலிருந்து உருத்திரபுரத்துக்குப் போவது பெரிய பிரயாணம் அன்று. நெடுங்கேணிக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு வாகனம் கிடைப்பது வில்லங்கம் என்பதை அறிவேன், ஆயினும் போங்கள். காணியைக் காணாமற் காணியைப் பற்றித் தீர்ப்பெழுதுவது வைத்தியர் நோயாளியைக் காணாமல் மருந்தெழுதுவதற்கு ஒப்பாகும்.

தேடுகின்ற உழைப்பிலே உங்களுக்குரிய பங்கையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கமநல சேவை நிலையத்திலே நெற்காணி இடாப்பு, தேர்தல் அலுவலகத்திலே பழைய வாக்காளர் இடாப்பு, நில அளவைத் திணைக்களத்திலே கிராமப் படங்கள், காணிப் பதிவகத்திலே பதிவேடுகள், பாடசாலையிலே பிள்ளைகளைச் சேர்த்த ஆண்டும் விலாசமும் எழுதிய சேர்விடாப்பு என்று அரசாங்கத்தின் ஒரு கை வைத்திருப்பதை அரசாங்கத்தின் மற்றக் கைக்கு எடுத்துக்கொடுப்பதற்கு எழுபது வயது ஆச்சி ஏன் பஸ் ஏறித் திரிய வேண்டும்? உங்களுடைய ஒரு கடிதம் செய்யக்கூடியதை அவருடைய பத்து யாத்திரைகள் செய்யமாட்டா. அவர் போனால் அந்தக் கந்தோரிலே, யார் அனுப்பினது, கடிதம் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

நிராகரிக்க வேண்டியிருந்தால் நிராகரியுங்கள். எல்லாக் கோரிக்கையும் உண்மையானவை என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் காரணத்தைத் தமிழிலே, அவர் வாசித்தோ வாசிப்பித்தோ விளங்கக்கூடிய தமிழிலே, எழுத்திலே கொடுங்கள். எந்தச் சாட்சியத்தைப் பார்த்தீர்கள், அதனை ஏன் ஏற்கவில்லை, இனி அவர் யாரிடம் மேன்முறையீடு செய்யலாம் என்பவை அதிலே இருக்கட்டும். "மேலிடத்தில இருந்து வரேல்லை" என்ற வாய்வார்த்தையோடு ஒருவரை அனுப்பிவிடாதீர்கள். காரணத்தை எழுதத் தொடங்கும்போது சில நிராகரிப்புகளை எழுதவே கை வராது என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள். அப்படிக் கை தயங்குகின்ற இடத்திலே தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுவே எல்லாவற்றினும் முக்கியமானது. நாளைக்கு இன்னொரு வர்த்தமானி வரலாம், இன்னொரு மூன்று மாதத் தவணை வரலாம், வேறொரு பெயரிலே வரலாம். அது வரும்போது அதனைப் பிரதியெடுத்துக் கந்தோர்ப் பலகையிலே ஒட்டுவதோடு உங்கள் கடமை முடிந்துவிட்டதென்று இருந்துவிடாதீர்கள். இத்தவணைக்குள் இந்த மக்களால் உரிமையை நிரூபிக்க இயலாது, இயலாமைக்குரிய காரணங்கள் இவை, இத்தனை கோவைகள் எம்மிடம் விசாரணையின்றிக் கிடக்கின்றன என்று உங்கள் பிரதேச செயலாளர் ஊடாக மேலிடத்துக்கு எழுதுங்கள். சுற்றறிக்கை கீழே இறங்கிவருகின்ற அதே பாதையாலே உங்கள் கடிதம் மேலே ஏறிச் செல்ல வழியுண்டு. தனியாக எழுதுவதற்குத் தயக்கமாயிருந்தால் பலராகச் சேர்ந்து எழுதுங்கள். உங்கள் பிரதேசத்தின் விபரங்களை எங்கள் கமக்கார அமைப்புகளும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஆலய பரிபாலன சபைகளும் திரட்டித் தரும். வருகின்ற காலபோக விதைப்புக்கு முன்னர் ஒரு நாளைக் குறித்து எங்களுக்கு அறிவியுங்கள். கோவை கோவையாக உட்கார்ந்து எழுதுவதற்கு நாங்கள் வருகின்றோம்.

இங்ஙனம்,
விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கின்ற முதிய ஆசிரியன் ஒருவன்,
முள்ளியவளை.